மீட்டரில் ஒட்டிய பொட்டு

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற ரோட்டில் நடந்தது இது. அன்றைக்கு என் காரும் கிட்டத்தட்ட நடந்துதான் போனது.

எனக்கு ஊர் பாலவனத்தம். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், மிக்ஸி, ஃபேன் என்று எது எரிந்தாலும் என்னிடம் வரும். மனைவி ரேஷன் கடையில் எடை போடுகிறாள். கார் பழைய டீசல் கார். ஒரு காலத்தில் அதிகாரிகள் முதல் கல்யாண மாப்பிள்ளை வரை எல்லாரும் ஏறிப் போனார்களே, அந்த உருண்டை விளக்கு வண்டிதான். இன்னும் எதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காத ஆளே கிடையாது. டிக்கியில் மூன்று மூடை நெல் ஏறும் என்பேன். அதோடு பேச்சை விட்டுவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அதற்கும் நாலு வருஷம் முந்திய சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தங்கையின் மூத்த பெண்ணுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். எத்தனை பெரிய மனிதர் வந்திருந்தாலும் தாய்மாமன் வராமல் ஊசியைத் தொடமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட நான் அன்றைக்குத் தாமதமாகக் கிளம்பி, போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று விரட்டினேன். மனைவி பின் சீட்டில் சீர்த்தட்டுகள் சரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாடு குறுக்கே வந்தது. கார் ரோட்டை விட்டிறங்கி, கருவேல மரங்களுக்குள் புகுந்து, மண்மேட்டில் முட்டி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. நல்ல நேரம் முடிவதற்குள் ஆக வேண்டுமே என்று, எங்கள் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தி முடித்துவிட்டார்கள்.

கையில் கட்டுப் போட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். "எவ்வளவுல போனீங்க?"

"அம்பதுதான்" என்றேன்.

அவளும் நம்பினாள். மூன்றாம் நாள், ஒர்க்‌ஷாப்பில் கிடந்த காரில் விட்டுவந்த பையை எடுக்கப் போனவள் மீட்டரைப் பார்த்திருக்கிறாள். முட்டிய அதிர்ச்சியில் முள் சிக்கிக்கொண்டு எண்பத்தைந்திலேயே நின்றிருந்தது. வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை, அழவும் இல்லை. கட்டு அவிழ்த்த மறுநாள் என்னைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தாள். இனிமேல் முள் நாற்பதைத் தாண்டாது என்று எரிகிற கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அவள் முன் சீட்டுக்கு மாறிவிட்டாள். இந்த வண்டியில் மீட்டர் நட்டநடுவில் இருக்கும். எனக்கு எவ்வளவு தெரியுமோ அவளுக்கும் அவ்வளவு தெரியும்.

சத்தியத்தைக் காப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. பழைய எஞ்சினுக்கு நாற்பதிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. போன வருஷம் அது ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினை, அதன் கியர் பாக்ஸோடு சேர்த்து, இதில் ஏற்றிக் கொடுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி கைக்கு வந்தது. மறுநாள் காலையில் நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் தங்கையின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. "இந்தப் பிள்ளைக்காச்சும் உன் மடி வேணும்ணே" என்று போனில் அவள் சொன்னது காதிலேயே இருந்தது.

சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் ஒரு விஷயம் சொன்னார். மீட்டர் கேபிளைச் சுற்றிவிடுவது கியர் பாக்ஸில் இருக்கிற ஒரு சின்னப் பல்சக்கரம். இந்த பாக்ஸில் அதற்குப் பல் குறைவு, அதனால் கேபிள் வேகமாகச் சுற்றும், முள் கூடுதலாகக் காட்டும். மதுரையிலிருந்து வேறு சக்கரம் வரவழைத்து அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றார். எவ்வளவு கூடுதலாகக் காட்டும் என்று கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எஞ்சின் சத்தத்தில் சொக்கிப்போய் நின்றிருந்தேன். வீட்டுக்கு வந்தும் மனைவியிடம் எஞ்சின் பெருமையைத்தான் அளந்தேனே தவிர, மீட்டரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் காது குத்தியாக வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் விடியற்காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். நானும் அவளும் மட்டும் தட்டு, பழத்தார், பிள்ளைக்குப் புதுத்துணி என்று சீர்ச் சாமான்களை ஏற்றிக்கொண்டு எட்டரைக்குக் கிளம்பினோம். நாற்பதில் போனாலும் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் போய்விடலாம் என்பது கணக்கு.

அருப்புக்கோட்டை வந்து சேரவே ஒன்பது மணி ஆகிவிட்டது. பூ வாங்கிக்கொண்டு திருச்சுழி ரோட்டில் ஏறினோம். முள் நாற்பதில் நிற்கிறது. ரோட்டோரத்து மரங்களோ போக மனமில்லாமல் ஒவ்வொன்றாக நகர்கின்றன. முதலில் ஒரு ஷேர் ஆட்டோ எங்களைத் தாண்டியது. அடுத்து ஒரு ஸ்கூல் வேன். அதன் பிறகு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து, வழி வாங்கி, எங்கள் கண்ணாடியில் நாலு துரும்பையும் தூவிவிட்டுப் போனது. கடைசியாக ஒரு மொபெட். ஓட்டுகிறவரின் காலுக்கிடையில் ஒரு கிடா, பின்னால் கட்டிய கூடையில் ஒரு கிடா. பின்னால் இருந்த கிடா தாண்டிப் போகும்போது என்னையே பார்த்துக்கொண்டு போனது. எனக்கு மானம் போய்விட்டது.

அப்போதுதான் மீட்டர் விஷயத்தை அவளிடம் சொன்னேன். முள் கூடுதலாகக் காட்டுகிறது, நாம் உண்மையில் நாற்பதில் போகவில்லை, மெக்கானிக்கே நேற்றுச் சொன்னார் என்றேன்.

"நேத்துச் சொன்னாருன்னா நேத்தே சொல்ல வேண்டியதுதான? புது எஞ்சினு வந்தவுடனே முள்ளு பொய் சொல்லுதாக்கும்?"

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதையும் அவள் பார்த்தாள். சாக்குச் சொல்கிறவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு என் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"அந்த முள்ளு இதுவரைக்கும் ஒரு பொய்யும் சொன்னதில்லைங்க" என்றாள்.

பொய் சொன்னது யார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மணி ஒன்பதரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. இந்த வேகத்தில் போனால் பத்தரைக்குள் கோயில் வாசலை மிதிக்க முடியாது. பெரியப்பா மகன் மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவது கண்ணுக்குள் வந்து வந்து போனது. முதல் தடவை விரட்டிப் போய்த் தவறவிட்டேன். இந்தத் தடவை ஊர்ந்து போய்த் தவறவிடப்போகிறேன். தங்கையிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்றேன். ரோட்டோரம் கிலோமீட்டர் கல் இருக்கிறது, கையில் வாட்ச் இருக்கிறது. இதற்கு அவள் உடனே சம்மதித்தாள். அவள் தொழிலே அது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முத்திரை குத்திய எடைக்கல்லைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் கார்டுக்கு அரிசி போடுவாள். கணக்கையும் அவளே சொன்னாள். நாற்பதில் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக ஒன்றரை நிமிஷம். அதற்குமேல் எவ்வளவு ஆகிறதோ அவ்வளவுக்கு முள் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

அடுத்த கல்லைத் தாண்டும்போது அவள் "ம்" என்றாள். முள்ளை நாற்பதை விட்டு அசையவிடாமல், கையில் முட்டையை வைத்திருப்பவன் மாதிரி ஓட்டினேன். அவள் வாட்சையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு டீக்கடை முன்னால் அடுத்த கல் வந்தது.

சரியாக ஒன்றரை நிமிஷம்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெக்கானிக்தான் ஏதோ உளறிவிட்டாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் சொன்னது சத்தியமான உண்மை. அது என் கண் முன்னாலேயே பொய்யாகிப் போனது. இன்னொரு தடவை மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் பார்க்கலாம் என்று வண்டியை அந்தக் கடை ஓரமாக நிறுத்தினேன்.

அந்த மொபெட் அங்கேதான் நின்றது. மேலே இரண்டு கிடாக்களும் அப்படியே இருந்தன. ஓட்டி வந்தவர் கையில் டீக் கிளாஸ்.

"என்னண்ணாச்சி, வண்டி எதும் தொந்தரவா? நான் உங்களத் தாண்டி வந்து பாதி டீயக் குடிச்சிட்டேன். இப்பத்தான் வாரீக."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"தம்பி, நீங்க எவ்வளவுல வந்தீங்க?"

"இதுல என்னக்கா வேகம். முப்பதத் தாண்டுனாலே கெடா குதிச்சிரும்."

அவள் கிடாவைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். நாற்பதில் வந்த காரை முப்பதில் வந்த கிடா எப்படித் தாண்டும் என்று அவள் மனதுக்குள் ஓடியது எனக்கே கேட்டது. பிறகு அந்தக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்தாள். அதன் மேல் ஒருவர் சொகுசாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். தராசும் சரக்கும் ஒத்துப்போகாவிட்டால் எடைக்கல்லையே தூக்கித் திருப்பிப் பார்க்கிற ஆள் அவள். நேராகக் கடைக்காரரிடம் போனாள்.

"ஐயா, இந்தக் கல்லு எப்பவும் இங்கனதான் இருக்கா?"

கடைக்காரருக்கு அதில் ஒரு பெருமை. "இல்ல தாயி. அந்தா, முன்னால பாலம் தெரியுதுல்ல, அதுக்கிட்ட இருந்துச்சு. ரோட்ட அகலப்படுத்துனப்பப் புடுங்கிப் பள்ளத்துல போட்டுட்டாக. சும்மா கெடக்கேன்னு மண்ணு அள்ளுற வண்டிக்காரர்ட்டச் சொல்லி நாந்தான் இங்கன கொண்டாந்து நட்டேன். பஸ்ஸுக்கு நிக்கிறவுக உக்காருவாகல்ல."

அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது. கல்லில் உட்கார்ந்திருந்தவர், தன்னை எழுந்திருக்கச் சொல்கிறார்களோ என்று வடையோடு அரைகுறையாக எழுந்து நின்றார்.

"ஏறுங்க" என்றாள் மனைவி.

வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, மறுபடியும் முள்ளை நாற்பதுக்குக் கொண்டுவந்து, கல்லைத் தாண்டியதும் அவள் "ம்" சொல்ல, பாலம் வரைக்கும் போனோம். கல்லைப் பிடுங்கிய குழிகூடப் பாலத்தடியில் அப்படியே இருந்தது. நாற்பத்தைந்து விநாடி. அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் கூட்டினாள்.

"ஒன்றரையும் முக்காலும் ரெண்டே கால் நிமிஷம். ஒன்றரை நிமிஷத்துல வர வேண்டிய தூரத்துக்கு ரெண்டே கால். அப்ப முள்ளு அறுபதுல நின்னாத்தான் நெசமான நாப்பது."

சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தாள். ரொம்ப நாள் நம்பியிருந்த ஆள் ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு பார்வை. அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "நீங்க சொன்னது நெசந்தான்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஏங்கியிருக்கிறேன் என்பது அது காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆனாலும் எனக்குக் குசும்பு போகவில்லை. "முள்ளு நாப்பதத் தாண்டாதுன்னுல்ல கற்பூரத்துல அடிச்சிருக்கேன். இப்ப அறுபதுல வச்சா சாமி சும்மா இருக்குமா?" என்றேன்.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, மீட்டர் கண்ணாடியில் அறுபதுக்கு நேராக வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"இதுதான் நாப்பது. இதத் தாண்டக் கூடாது. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். போங்க."

போனேன். முள் பொட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, ஒரு மயிரிழைகூடத் தாண்டவில்லை. திருச்சுழி போனது தெரியவில்லை. வழியில் அந்த வைக்கோல் டிராக்டரைப் பிடித்துத் தாண்டியபோது, ஹாரன் அடித்தது நானில்லை, அவள். பக்கத்திலிருந்து எக்கிக் கையை நீட்டி இரண்டு தடவை அடித்தாள்.

கோயிலுக்குத் திரும்புகிற மண்பாதையில் இறங்கும்போது மணி பத்து பதினைந்து. பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். மணைக்குப் பக்கத்தில் பெரியப்பா மகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பாவம், அவரும் என்ன செய்வார்? என் காரைப் பார்த்ததும் தங்கை அழுத அழுகையில், அவரே துண்டை அவிழ்த்து என் இடுப்பில் கட்டிவிட்டார். நான் உட்கார்ந்ததும் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். ஊசி பட்டதும் அவன் ஊரைக் கூட்டி அழுது, என் சட்டையைப் பிடித்துத் தொங்கி, புது வேட்டியை முழுசாக நனைத்துவிட்டான். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். நனைந்த வேட்டியோடுதான் போட்டோவுக்கும் நின்றேன்.

ஆரவாரம் அடங்கிய பிறகுதான் தங்கை என் மனைவியைச் சரியாகப் பார்த்தாள்.

"ஏன் மதினி, நெத்தியில பொட்டக் காணோம்?"

"மீட்டர்ல இருக்கு" என்றாள் மனைவி.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. சாமித்தட்டில் இருந்த குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் பெரிதாக வைத்துவிட்டாள். சாப்பாட்டுப் பந்தியில் நான் முழுக் கதையையும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார், "மச்சான், போன்லயே வேகம் காட்டுமே, பாக்கலையா?" நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்திருந்தாலும் அந்தப் போன் என் போன்தானே, அவள் அதை நம்பியிருப்பாளா என்று நினைத்துக்கொண்டு சாம்பாரை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மெக்கானிக் பல் கூடுதலான சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். போனை எடுக்காததற்கு ஒரு கல்யாணத்தைக் காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் அந்த ரோட்டுக்கே போய், கல்லை விட்டுவிட்டுப் பாலத்தடிக் குழியைக் கணக்கு வைத்து அளந்தோம். நாற்பதில் சரியாக ஒன்றரை நிமிஷம். போதாதென்று அவள் இன்னொரு தடவையும் அளக்கச் சொன்னாள். அதுவும் சரியாக இருந்ததும், அறுபதில் இருந்த பொட்டை நகத்தால் கிளப்பி எடுத்து நாற்பதுக்கு நேராக மாற்றி ஒட்டினாள். வரும் வழியில் அந்தக் கடையில் டீ குடித்தோம். கல் காலியாகத்தான் இருந்தது. அவள் அதன் மேல் உட்கார்ந்துதான் குடித்தாள்.

பொட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது, பளபளப்புத்தான் கொஞ்சம் மங்கிவிட்டது. தனியாகப் போகும்போதும் முள் அதன் பக்கத்தில் வந்தால் என் கால் தானாக எழும்பிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கும் அவள் "எவ்வளவுல வந்தீங்க?" என்று கேட்கத்தான் செய்கிறாள். ஆனால் எதையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கிற அவள், நான் சொல்கிற எண்ணை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறாளே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாலத்தடியில் அவள் சொன்ன சொல் மறுபடியும் கேட்கிறது.